பலகைத் தடம்

“பூசாம விட்டுட்டாங்க போலிருக்குதுங்க சார். தகடு போட்டு மூடிடலாமுங்களா?” என்று சேலத்தில் ஒரு கான்கிரீட் சுவரைக் காட்டிக் கட்டட உரிமையாளர் கேட்டபோது, “உறுதிக்குக் குறைவில்லை, மூடுவது உங்கள் விருப்பம்” என்று நான் சொன்ன பதில், இரண்டு ஆண்டுகள் கழிந்தும் என்னை விட்டுப் போகவில்லை.

அது பூசாமல் விட்ட சுவர் அன்று. கான்கிரீட்டை வார்க்க அச்சாக அடிக்கும் ஷட்டரிங் பலகையின் மரரேகையும் ஆணித்தலையும், ஒரு நாள் கான்கிரீட் நின்று மறுநாள் தொடங்கிய கோடும் அப்படியே பதிந்திருந்தன. பிழையை மறைக்கப் பின்னால் பூச்சு வராது என்று தெரிந்தே பலகை அடித்தவர்களின் வேலை அது. சண்டிகரில் இதே முறையில் எழுந்த தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் 2016இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. சேலத்துச் சுவரைப் பார்க்கவும் அதே கண் போதும். இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

என்னை அழைத்தது உறுதியைச் சோதிக்க மட்டுமே. மூலையில் சிறு துண்டு பெயர்த்து, காரத்தன்மை உள்ள இடத்தில் நிறம் காட்டும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தேன். வெளிப்புற 12 மில்லிமீட்டர் நிறமற்றும், காரத்தன்மை குறையாத உட்புறம் இளஞ்சிவப்பாகவும் தெரிந்தன. அந்தக் காரத்தன்மைதான் உள்ளே உள்ள கம்பியைத் துருவிலிருந்து காப்பது; கம்பியோ 25 மில்லிமீட்டர் உள்ளே இருந்தது. காரத்தன்மையைக் குறைத்தபடி நாற்பது ஆண்டில் அந்த 12 மில்லிமீட்டரே போன கரியமில வாயு, அதன் இருமடங்கு ஆழம் போக ஏறத்தாழ நான்கு மடங்கு காலம் பிடிக்கும். அறிக்கையில் அதை எழுதினேன்.

கட்டடக் கலைஞர்கள் பலர் வேண்டிக்கொண்டும் டெல்லியின் கான்கிரீட் கண்காட்சி அரங்கமான ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ 2017இல் இடிக்கப்பட்டதே, என் ஒரு சொல் எதைத் தடுத்திருக்கும் என்று தேற்றிக்கொள்வேன். ஆனால் இங்கே அந்த மனிதர் “மூடிடலாமுங்களா” என்றல்லவா கேட்டார்! அந்த ‘ஆ’வில் தயக்கம் இருந்தது.

என் தொழிலுக்குள்ளேயே விடை இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. தகட்டுச் சட்டத்துக்காக, நான் அளந்த அந்த 25 மில்லிமீட்டரைத்தான் துளைப்பார்கள். வெறும் கான்கிரீட்டில் கண்ணில் பட்டுவிடும் துருக்கறையும் மயிரிழை விரிசலும் தகட்டுக்குப் பின்னால் எவருக்கும் தெரியாது. அழகு என்ற சொல்லே இல்லாமல் இதை எழுதியிருக்கலாம். ஆயினும் அந்தச் சுவரை நேசிக்காமல் இருந்தால் இந்தக் காரணத்தைத் தேடியிருப்பேனா? தகடு மழையைத் தடுக்கும் என்பதும் உண்மை. கறுத்து வழிந்த சுவரைப் பராமரிக்கும் செலவும் அவருடையது.

சென்ற மாதம், பெயர்ப்பலகை மாற்றுவதற்காக ஒரு தகட்டைக் கழற்றியிருந்தார்கள். இரண்டு பலகை அகலத்துக்கு மரரேகை தெரிந்தது; அதன் நடுவே ஒரு போல்ட். வண்டியை ஓரங்கட்டி, தகட்டைத் திரும்ப மாட்டும்வரை நின்றிருந்தேன்.