ஷாக் குடுத்தப்புறம் எடுக்கற முதல் ஈசிஜி

ஈசிஜி டெக்னீஷியனா 14 வருஷமா இருக்கேன், இதுல நான் ரொம்ப லேட்டா கத்துக்கிட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தோட மேல் அறை தாறுமாறா துடிக்கற வியாதி வந்தவங்களுக்கு ஷாக் குடுத்து மானிட்டர்ல துடிப்பு ஒழுங்கா ஓட ஆரம்பிச்சதும் ரூம்ல எல்லாரும் மூச்சு விடுவோம், நானும் ஒரு ஈசிஜி எடுத்து ஃபைல்ல சொருகிட்டு அடுத்த பெட்டுக்கு போயிடுவேன். ஆனா இது திரும்ப வர்ற வியாதி, சிலருக்கு வருஷக்கணக்கா வராது, சிலருக்கு ஒரே வாரத்துல வந்துடும். யாருக்குன்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா தடயம் இருக்கு, பி வேவ்ல.

இதயத்தோட மேல் அறை ரெண்டுலயும் கரண்ட் பரவறத ஈசிஜில காட்டற சின்ன மேடுதான் பி வேவ். பேப்பர் செகண்டுக்கு 25 மில்லிமீட்டர் ஓடற ஸ்பீடுல ஒரு சின்ன கட்டம் 40 மில்லிசெகண்ட், பி வேவ் மூணு கட்டத்துக்குள்ள முடிஞ்சுடணும். அதத் தாண்டி இழுத்துச்சுன்னா மேல் அறைல கரண்ட் தடுமாறி மெதுவா போகுதுன்னு அர்த்தம், அந்த மாதிரி எடத்துலதான் துடிப்பு மறுபடி தாறுமாறாகும். ஈசிஜி இதயத்த வேற வேற கோணத்துலேருந்து பாக்கும், அந்த கோணத்துக்குப் பேரு லீட்; லீட் 2, 3, ஏவிஎஃப் மூணுலயும் பி வேவ் மேல ஏறி கடைசில கோட்டுக்கு கீழ இறங்குச்சுன்னா இன்னும் கவனமா இருக்கணும். வி1ங்கற லீட்ல பி வேவோட பின்பாதி ஒரு கட்டம் அகலம், ஒரு கட்டம் ஆழம் கீழ போனாலும் இடது மேல் அறைல பிரச்சனைன்னு சந்தேகப்படணும்.

சில வருஷம் முன்னாடி வால்வு சுருக்கம் இருந்த ஒரு அம்மா, ஷாக் முடிஞ்சு மயக்கம் தெளிஞ்சதும் என் கையப் பிடிச்சுக்கிட்டு "தம்பி, இனிமே வராதுல்ல?"ன்னு கேட்டாங்க. "வராதும்மா"ன்னு சொல்லிட்டேன். மிஷினும் நார்மல்னுதான் பிரிண்ட் பண்ணியிருந்துச்சு. அந்த அம்மா அத நம்பி ரிவ்யூக்கே வரல, அஞ்சு வாரம் கழிச்சு மூச்சு வாங்கிக்கிட்டு வந்தாங்க, பழையபடி அதே துடிப்பு. எங்க கார்டியாலஜி சார் அந்த முதல் ஈசிஜிய எடுத்து வெளிச்சத்துல ரொம்ப நேரம் பாத்தாரு. கை நடுக்கம் தெரியக்கூடாதுன்னு நான் ஃபில்டர 40 ஹெர்ட்ஸ்ல வச்சு எடுத்திருக்கேன், அது கோட்ட வழவழன்னு ஆக்கிடும், பி வேவ் நடுவுல விழற சின்ன பள்ளமெல்லாம் மங்கிடும். அப்படியும் அகலம் மூணரை கட்டம். சார் திட்டல, "அளந்து பாத்தியாப்பா?"ன்னு மட்டும் கேட்டாரு, அந்தக் கேள்வி இன்னும் எனக்கு வலிக்குது.

தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்போம்னா, சீக்கிரமே வரச்சொல்லி நாள் முழுக்க துடிப்ப பதிவு பண்ற ஹோல்டர் மிஷின மாட்டியிருப்போம், மாத்திரைய யோசிச்சு குடுத்திருப்பாங்க. அதுலேருந்து ஷாக்குக்கு அப்புறம் ஃபில்டர 150க்கு மாத்தி, தோள் தளர்ற வரைக்கும் காத்திருந்து ஒண்ணு, அப்புறம் 50 ஸ்பீடுல உயரத்த ரெண்டு மடங்காக்கி இன்னொண்ணுன்னு எடுக்கறேன்.

2019ல அமெரிக்கால மேயோ கிளினிக்காரங்க, துடிப்பு நார்மலா இருக்கும்போது எடுத்த ஈசிஜிய வச்சே யாருக்கு இந்த வியாதி இருக்கும்னு கம்ப்யூட்டர கண்டுபிடிக்க வச்சாங்க. எனக்கு அது பெரிய சந்தோஷம். கம்ப்யூட்டரும் நாங்க எடுத்துக் குடுக்கறதத்தான படிக்கணும்.

இன்னொரு விஷயம், சிலர் ஈசிஜி பேப்பர பத்திரமா இருக்கட்டும்னு லேமினேஷன் பண்ணிடறாங்க, அது சூட்டுல பிரிண்ட் ஆகற பேப்பர், மொத்தமும் கறுத்துடும். போன மாசம் ஒரு பெரியவர் அப்படி ஒண்ணு கொண்டு வந்தாரு, ரெண்டு வருஷத்துக்கு முந்தின ஈசிஜி, ஓரத்துல பேரும் தேதியும் மட்டும் மங்கலா தெரிஞ்சுது. இப்ப ஈசிஜி குடுக்கும்போதே ஜெராக்ஸ் கடைக்கு வழி சொல்லித்தான் அனுப்பறேன்.