வெள்ளத்தில் நனைந்த பேட்டரியை வெயிலில் காயவைத்த கதை

எங்கள் வீடு கடலூருக்கு வடக்கே பெரியகங்கணாங்குப்பம் பக்கம், தென்பெண்ணை ஆற்றுக்குக் கூப்பிடு தூரம். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது வாசல் முருங்கை முறிந்து ஓட்டின்மேல் விழுந்தது, அதிலிருந்து புயல் என்று செய்தியில் சொன்னாலே போதும், அம்மா "முருங்கையைக் கழிச்சு விட்டுடுப்பா" என்று ஆரம்பித்துவிடுவார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வருகிறது என்றதும் கையடக்க பேட்டரி ரம்பத்தின் இரண்டு பேட்டரிகளையும் முழுசாகச் சார்ஜ் போட்டு கிளைகளைக் கழித்தேன். பாதி தீர்ந்திருந்த ஒன்றைப் பரணில் போட்டேன். நிறைந்திருந்த இன்னொன்றை, கழற்றக்கூட சோம்பல்பட்டு, ரம்பத்தோடு பின்பக்கத் தகரக் கொட்டகையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

நவம்பர் 30 ராத்திரி புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. முருங்கை நின்றுவிட்டது, அம்மாவுக்கு ஒரே பெருமை. ஆனால் மேற்கே கொட்டிய மழையில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட, டிசம்பர் 2-ல் ஆறு ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. திருப்பாதிரிப்புலியூரில் தங்கச்சி வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்து பார்த்தால் கொட்டகையில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. ரம்பம் சேற்றுக்குள்.

பேட்டரியைக் குழாயடியில் கழுவி பட்டனை அமுக்கினேன். சார்ஜ் அளவு காட்டும் நான்கு விளக்கில் மூன்று எரிந்தது! அடடா, உயிர் இருக்கிறது என்று நினைத்த அந்த சந்தோஷம்தான் வினை. பக்கத்து வீட்டு அண்ணன் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர், "நல்லா காயவை தம்பி, ஒண்ணும் ஆகாது, நான் எத்தனை மோட்டாரைக் காயவெச்சு ஓட்டியிருக்கேன்" என்றார். மோட்டாருக்கு அது சரிதான். மோட்டாருக்குள் மின்சாரம் கிடையாது, நாம் கொடுத்தால்தான் உண்டு. பேட்டரி அப்படியில்லை, அதை யாரும் அணைத்து வைக்க முடியாது என்பது அன்றைக்கு எங்கள் இரண்டு பேர் மண்டைக்கும் ஏறவில்லை.

மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தேன். சாயங்காலம் எடுக்கப் போனபோது பிளாஸ்டிக் உறையின் இடுக்கு வழியாகப் பச்சையும் வெள்ளையுமாக ஏதோ பொங்கிக் காய்ந்திருந்தது, தாமிரக் குடத்தில் களிம்பு ஏறுமே, அந்தப் பச்சை. காதருகே கொண்டுபோனால் 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம். நகப் பாலிஷ் மாதிரி ஒரு தித்திப்பான வாடை. வெயில் இறங்கி ஒரு மணி நேரம் ஆகியும் ஒரு பக்கம் மட்டும் சுட்டது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது, வெயிலில் சூடானது என்றால் எல்லாப் பக்கமும் அல்லவா ஆறியிருக்க வேண்டும்?

இடுக்கியால் பிடித்துக்கொண்டு போய், வீட்டைவிட்டுத் தள்ளி வேலியோரம் கிடந்த சிமென்ட் தொட்டியில் மணல்மேல் வைத்தேன். அன்று ராத்திரி பத்தரைக்கு 'டப்' என்று சத்தம், வெள்ளைப் புகை, அப்புறம் ஒரு முழ உயரத்துக்கு நெருப்பு. காற்று வரும் பக்கமாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். லித்தியத்தில் தண்ணீர் பட்டால் வெடிக்கும் என்று அண்ணன் அங்கிருந்து கத்தினார். அது லித்தியம் உலோகத்துக்கு. இந்த லித்தியம் அயான் பேட்டரிக்கு நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பதுதான் வழி, மணல் மூடுமே தவிர சூட்டை இறக்காது. புகையை மட்டும் சுவாசிக்கவே கூடாது, நுரையீரலை அரிக்கும் விஷம் அதில் இருக்கிறது.

மறுநாள் அந்தக் கூட்டைப் பார்த்தேன். உள்ளே ஐந்து உருளைச் செல். இரண்டு வெந்துபோயிருந்தன, மூன்று முழுசாக இருந்தன, அந்த மூன்றும் இன்னும் ஆபத்துதான். ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட், ஐந்துக்கு 21. சராசரியாகக் கணக்குப் போட்டால் 3.6 வீதம் 18. கடையில் 18, 20, 21 என்று வேறுவேறாக எழுதி விற்பது பெரும்பாலும் இதே ஐந்து செல்லைத்தான். மலிவு மிஷின்களில் 48, 88 என்றெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், மல்டிமீட்டரை வைத்தால் இதே 21-தான் காட்டும்! ஈரம் உள்ளே போனால் இந்த வோல்ட்டால் தகடுகளுக்கு நடுவே மின்சாரம் ஓடி அரிக்கிறது, ஏதோ ஓர் இடத்தில் ஷார்ட் ஆகிறது. சில சமயம் சில மணி நேரத்தில், சில சமயம் பல நாள் கழித்து. எங்கள் ஆற்றுமுகத் தண்ணீரில் உப்பு வேறு கலந்திருக்கும்.

அடுத்த தலைவலி, இதை எங்கே கொடுப்பது? குப்பை வண்டியில் போட்டால் நசுக்கும்போது வண்டியே எரியும். பழைய இரும்புக் கடைக்காரர் "கொடுங்க, ஒடைச்சு செம்பு எடுத்துக்கறேன்" என்று சுத்தியலை எடுத்தார், நான் கும்பிடு போட்டு வந்துவிட்டேன். வாங்கின கடையில் "அதெல்லாம் நாங்க வாங்கறதில்ல" என்றார்கள். 2022-ல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு விதிகள்படி பழைய பேட்டரியைச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு, அதைச் சொல்லித்தான் வாடிக்கையாளர் சேவைக்கு நான்கு முறை போன் செய்தேன். கூரியரில் அனுப்பச் சொன்னார்கள், கெட்டுப்போன பேட்டரியைக் கூரியரில் போடவே கூடாது என்று நான் அவர்களுக்கே பாடம் நடத்த வேண்டியதாயிற்று. கடைசியில் புதுச்சேரியில் ஒரு சர்வீஸ் சென்டரில் வாங்கிக்கொண்டார்கள். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, பிஸ்கட் டின்னில் காய்ந்த மணலுக்கு நடுவே புதைத்து பைக்கில் எடுத்துப் போனேன். பஸ்ஸில் போக மனசு வரவில்லை.

பரணில் இருந்த இன்னொரு பேட்டரி இன்றும் ஓடுகிறது. கொட்டகைக்கு அதை இனி விடுவதில்லை, கத்திரி வெயிலில் அந்தத் தகரத்தடியில் மனிதனே நிற்க முடியாது. வேலை முடிந்ததும் மிஷினிலிருந்து கழற்றிவிடுவேன், அரை மணி ஆறிய பிறகுதான் சார்ஜ், அதுவும் டைல்ஸ் தரையில், நான் விழித்திருக்கும்போது. மாசக்கணக்கில் வேலை இல்லையென்றால் இரண்டு விளக்கு எரியும் அளவில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். ஆணி, ஸ்க்ரூ கிடக்கும் டப்பாவில் போடுவதில்லை. முள் பொருந்துகிறதே என்று வேறு சார்ஜரைச் சொருகுவதும் இல்லை, என் மச்சான் அப்படித்தான் ஒன்றை உருக்கினான்.

இப்போது புயல் என்றால் பேட்டரிதான் முதலில் மேலே ஏறும். பட்டாவும் ரேஷன் கார்டும் இருக்கிற பையில் மட்டும் வைக்க அம்மா விடுவதில்லை.