ஒரு சாண் பின்னால்: மெதுவான ஸ்க்ரூ பழகிய எட்டு வாரங்கள்

ஐப்பசி தொடக்கத்தில் நடந்த ஆட்டம் அது. எட்டு-பால், அதாவது பூல் மேசையில் தன் பந்துகளை எல்லாம் பாக்கெட்டில் போட்டுவிட்டுக் கடைசியில் எட்டாம் நம்பரைப் போடும் ஆட்டம். என் பக்கம் மூன்றாம் நம்பர் பந்து மட்டும் பாக்கி. மூலைப் பாக்கெட்டுக்கு ஒரு முழம் முன்னால் அது நிற்கிறது, அதற்கு ஒரு சாண் பின்னால் நான் கியூ கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்து, மூன்றும் ஒரே நேர்கோட்டில். மூன்றைப் போட்டுவிட்டு வெள்ளை ஒரு சாண் பின்னால் வந்தால் போதும், எட்டு நேராக நடுப் பாக்கெட்டுக்குப் போகும். வெள்ளையை நடுவுக்குக் கீழே அடித்துப் பின்னோக்கிச் சுழலவிடும் இந்த அடிக்குத்தான் ஸ்க்ரூ என்று பெயர். கீழே குறிபார்த்து மெதுவாக அடித்தேன். மூன்று விழுந்தது. வெள்ளை அதன் பின்னாலேயே உருண்டுபோய் அதே பாக்கெட்டில் விழுந்தது.

அடுத்த வாரம் கிட்டத்தட்ட அதே நிலை வந்தது. இந்த முறை பலமாக அடித்தேன். வெள்ளை பாதி மேசை தாண்டி ஓடிவந்து எதிராளியின் இரண்டு பந்துகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்த ஒரு அடியைப் படித்து முடிக்காமல் வேறு எதையும் தொடுவதில்லை என்று.

சென்னையில் நான் போகும் ஹாலில் நாலு ஸ்னூக்கர் மேசை, ஒரே ஒரு ஒன்பதடி பூல் மேசை. நானும் ஸ்னூக்கரிலிருந்து வந்தவன்தான். ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர், பூல் பந்து 57.15. கனமும் கூட, 156 முதல் 170 கிராம் வரை. கியூவின் நுனியும் மாறுகிறது. ஸ்னூக்கரில் பத்து மில்லிமீட்டருக்குள் இருக்கும் டிப், பூல் கியூவில் 12, 13 மில்லிமீட்டர். கைக்குப் பழகிய அளவெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பொய்யாகிவிடும்.

முதல் வாரம் பகல் நேரத்தில் போனேன், கூட்டம் இருக்காது, மணிக் கட்டணமும் குறைவு. வெள்ளைக்குப் பதிலாகப் பதினோராம் நம்பர் பந்தை எடுத்துக்கொண்டேன். பட்டை போட்ட பந்து. பட்டையை மேசைக்கு இணையாகப் படுக்க வைத்து, டிப்பில் சாக் (வழுக்காமல் இருக்கத் தடவும் நீலக் கட்டி) நன்றாகத் தடவி அடித்தால், டிப் எங்கே பட்டது என்று நீலப் பொட்டு காட்டிக்கொடுக்கும். பந்தின் நடுவிலிருந்து ஆரத்தில் பாதி, அதாவது சுமார் 14 மில்லிமீட்டர் கீழே வரை அடிக்கலாம். அதைத் தாண்டினால் டிப் வழுக்கும். பட்டையின் விளிம்பு ஏறக்குறைய அந்த எல்லையில்தான் இருக்கிறது, அதனால் தனியாக அளக்கவே வேண்டாம்.

பலமாக அடித்தபோதெல்லாம் பொட்டு விளிம்புக்குப் பக்கத்தில் விழுந்தது. மெதுவாக அடித்தபோது நடுவுக்கு ஆறேழு மில்லிமீட்டர் கீழேதான். இருபது முறை அடித்துப் பார்த்தேன், கதை மாறவில்லை. கீழே அடிப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்த அடிகள் எல்லாம் பாதிக் கீழ்தான்.

ஹாலின் மேசைகளைக் கவனித்துக்கொள்ளும் மார்க்கர் அண்ணன் எதிர் மேசையில் பந்து அடுக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, மெதுவா அடிக்கும்போது மட்டும் உங்க முழங்கை முன்னாடியே இறங்குது. பின் கை இறங்கினா டிப்பு மேலே ஏறும்ல?" என்றார். போனில் படம் பிடித்துப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை. மெதுவாக அடிக்க வேண்டும் என்ற பயத்தில் பந்தைத் தொடுவதற்கு முன்பே கை தயங்குகிறது, தோள் அழுந்துகிறது, முழங்கை விழுகிறது.

மருந்தும் அவரே சொன்னார். கியூவைப் பின்னால் இழுக்கும் தூரத்தைக் குறை, இழுத்த பிறகு தயங்காதே. பிரிட்ஜ் கைக்கும், அதாவது கியூவைத் தாங்கும் முன் கைக்கும், பந்துக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் விட்டுக்கொண்டிருந்தேன், அதை ஏழு அங்குலத்துக்குக் கொண்டுவந்தேன். டிப்பைத் தாழ்த்த கியூவின் பின்பக்கத்தைத் தூக்கும் பழக்கத்தையும் விட்டேன். உள்ளங்கையைத் துணியில் அழுத்திப் பரப்பினால் பிரிட்ஜ் தானாகத் தாழ்கிறது, கியூவும் படுத்தபடி இருக்கிறது.

இங்கே ஒரு சின்ன விஷயம், எனக்கு இது பெரிய திறப்பாக இருந்தது. டிப் வளைவானது. கீழே அடிக்கும்போது பந்தில் படுவது டிப்பின் நடு இல்லை, அதன் மேல் பக்கம். எனவே பந்தில் 14 மில்லிமீட்டர் கீழே பட வேண்டுமென்றால் கியூவின் நடு இன்னும் நாலைந்து மில்லிமீட்டர் தாழ்வாகப் போக வேண்டும். பார்த்தால் கியூ துணியை உரசப்போகிறது போலத் தோன்றும், இடைவெளி மூன்று நாலு மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்தத் தோற்றத்துக்குக் கண் பழக எனக்கு ஒரு வாரம் முழுசாகப் பிடித்தது.

மூன்றாம் வாரம் பொட்டு சரியான இடத்தில் விழத் தொடங்கியது. ஆனாலும் வெள்ளை ஒரு சாண் பின்னால் வரவில்லை. சில நேரம் வந்தது, சில நேரம் செத்து நின்றது. அப்புறம்தான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். பில்லியர்ட்ஸ் பந்தின் சுழற்சியைக் கணக்காக எழுதிவைத்தவர் பிரெஞ்சுக்காரர் கோரியோலி, 1835-இல். காற்றும் கடலும் பூமியின் சுழற்சியால் வளைவதற்கு யார் பெயரைச் சொல்கிறோமோ அதே ஆள்தான். பின்னோக்கிச் சுழலும் பந்து துணியில் வழுக்கிக்கொண்டே போகிறது. துணி உரசி உரசி அந்த ஸ்பின்னைத் தின்கிறது. முழுக்கத் தின்று முடிப்பதற்குள் பந்து போகும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் தூரம் கால்.

துணிக்கும் பந்துக்கும் வழக்கமாகச் சொல்லும் உராய்வு எண் 0.2. அதை வைத்துப் போட்டேன். எவ்வளவு கீழே அடித்தாலும், விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் வெள்ளையின் ஸ்பின் 19 சென்டிமீட்டரில் தீர்ந்துவிடுகிறது. அரை மீட்டர் வேகம் என்றால் ஐந்தே சென்டிமீட்டர். என் மூன்றாம் நம்பர் பந்து ஒரு சாண், அதாவது 23 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. நான் அடித்த மெதுவான அடியில் வெள்ளை அங்கே போய்ச் சேரும்போது முன்னோக்கி உருளவே தொடங்கிவிட்டது. பாக்கெட்டில் விழாமல் என்ன செய்யும்?

விநாடிக்கு ஒரு மீட்டர் என்பதைக் கைக்குச் சொல்லிக்கொடுக்கவும் வழி இருக்கிறது. காலி மேசையில் வெள்ளையை நடுவில் அடித்து, எதிர்க் குஷனை, அதாவது மேசையின் எதிர்ப்பக்க ரப்பர் விளிம்பை, தொட்டும் தொடாமலும் நிற்கும்படி செய்தால் ஏறக்குறைய அந்த வேகம்தான். அதே வேகத்தில், மிகக் கீழே அடித்து, வேறு வேறு தூரங்களில் முயன்றேன். பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பந்தை வைத்தால் வெள்ளை கிட்டத்தட்ட ஒரு சாண் திரும்பி வருகிறது. பதினைந்தில் வைத்தால் மூன்று விரல் அகலம்தான். இருபதில் வைத்தால் இடித்த இடத்திலேயே நிற்கிறது. ஐந்து சென்டிமீட்டரில் இவ்வளவு வித்தியாசமா என்று திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் ஒரு சாண் தள்ளியிருக்கும் பந்துக்கு? பத்திலிருந்து 23 சென்டிமீட்டர், இரண்டு மடங்குக்குச் சற்று மேல். வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டியதில்லை, ஒன்றரைக்கும் குறைவாக, 1.4 மடங்கு போதும். மேசை நீளம் ஓடி, குஷனில் பட்டு, கொஞ்சம் திரும்பி வரும் வேகம். இத்தனை நாளும் நான் செய்தது, ஒன்று அடிக்காத அடி, இல்லையென்றால் இரண்டரை மடங்கு அடி. நடுவில் இப்படி ஒரு வேகம் இருப்பதே என் கைக்குத் தெரிந்திருக்கவில்லை.

நாலாம் வாரம் முதல் இந்த ஒரே வேகத்தைத்தான் அடித்தேன். தினம் இருபது. ஒரு சாணுக்கு இரண்டு விரல் முன்பின் நின்றால் கணக்கில் சேர்ப்பேன். முதல் நாள் ஆறு. வார இறுதியில் ஒன்பது. அப்புறம் அடைமழை பிடித்துக்கொண்டது, அதே அடிக்கு வெள்ளை நாலு விரல்தான் வந்தது. கை கெட்டுப்போய்விட்டது என்று பயந்தேன். மார்க்கர் அண்ணன் துணியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "மழைக்கு ஈரம் குடிச்சிருக்கு தம்பி, பந்து நடக்காது." ஏசி இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு அடித்தால் பழையபடி கொஞ்சம் நீண்டது. அன்றிலிருந்து ஆட்டத்துக்கு முன் இரண்டே இரண்டு ஸ்க்ரூ அடித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். மேசை அன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது மாதிரி.

சைடு, அதாவது வெள்ளையை நடுவுக்கு வலமோ இடமோ தள்ளி அடித்துப் பக்கவாட்டில் சுழலவிடும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதில் இன்னும் பாதி தூரம்தான் வந்திருக்கிறேன். மெதுவான அடியில் பின் ஸ்பின் சீக்கிரம் செத்துப்போகிறது, சைடு ஸ்பின் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. பந்தின் வேகம் குறையக் குறைய சைடு மட்டும் மிச்சம் நிற்பதால், மெதுவாகக் குஷனில் படும் வெள்ளை நன்றாகவே திரும்புகிறது. இது லாபம். நஷ்டம் என்னவென்றால், மெதுவான அடியில் வெள்ளையின் சைடு, அது இடிக்கும் எதிர்ப் பந்தையும் பிடித்து ஒதுக்கித் தள்ளும். வலது சைடு போட்டால் எதிர்ப் பந்து இடது பக்கம் விலகும். ஓர் அடி தூரத்துக்கு ஓர் அங்குலம் வரைகூட விலகலாம். மூன்றடி தள்ளி இருக்கும் பாக்கெட்டுக்கு மூன்று அங்குலம் விலகினால் பந்து விழாமல் போச்சு. பந்துகளை ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைத்து அடித்தபோது இது குறைந்தது கண்ணுக்கே தெரிந்தது. எங்கள் ஹால் பந்துகளில் சாக் பொடி அப்பிக்கிடக்கும். இப்போது நானே ஒரு துணி கொண்டுபோகிறேன்.

அதனால் இப்போதைக்கு என் வழக்கம் இது: நேர் பந்தாக இருந்தால் மெதுவான அடியில் சைடு தொடுவதில்லை. வெட்டி, அதாவது பந்தின் ஓரத்தில் இடித்துச் சாய்வாக அனுப்பும்படி, அடிக்கும்போது மட்டும் வெளிப்பக்கம் கொஞ்சம் வைக்கிறேன். பந்து இடது பக்கம் போக வேண்டுமென்றால் வலது சைடு, டிப்பில் பாதி அளவு. அந்த அளவில் இரண்டு பந்துகளும் பல் சக்கரம் போல ஒன்றின் மேல் ஒன்று உருள்கின்றன, பிடித்துத் தள்ளுவது ஏறக்குறைய இல்லாமல் போகிறது. அடிக்கிற சத்தமே வேறாகக் கேட்கிறது.

மார்கழி பிறக்கப்போகிறது. போன ஞாயிறு இருபதில் பதினான்கு. அன்று மாலை ஆட்டத்தில் ஆறாம் நம்பர் பந்து மூலையில், வெள்ளை ஒரு சாண் பின்னால், எட்டு நடுப் பாக்கெட் ஓரம். உள்ளங்கையைத் துணியில் பரப்பினேன், கியூ துணியை உரசுவது போல இறங்கியது. ஆறு விழுந்த பிறகு வெள்ளை ஒரு கணம் அங்கேயே நின்று சுழன்றது, பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல மெல்லப் பின்னால் உருண்டு வந்து நின்றது. எட்டுக்கும் அதற்கும் நடுவே எதுவும் இல்லை. மார்க்கர் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, சாக் கட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நேற்று முதல் பந்தை ஒரு முழம் தள்ளி வைத்து அடிக்கிறேன், அதே ஒரு சாண் பின்னால் வர. இருபதில் நாலு.