மாண்டோலா உருவாகிறது

2024 ஆகஸ்ட் 18, தேவகோட்டை

என் அப்பச்சி (அப்பா) திருப்புகழ் பாடுவது ஒரு கட்டைச் சுருதியில், அதாவது சி-யைச் சட்ஜமாக வைத்து. கூட வாசிக்க என்னிடம் இருப்பது மாண்டலின். அதன் நான்கு ஜோடிக் கம்பிகள் கீழிருந்து மேலாக ஜி, டி, ஏ, இ. மேல் இரண்டு ஜோடியையும் ஒரு முழுச் சுரம் இறக்கி ச-ப-ச-ப என்று கூட்டிக்கொண்டால் ஐந்து கட்டை, அதாவது ஜி சட்ஜமாக, அமைந்துவிடும். பெண்கள் பாடும் பஜனைக்கு அது அப்படியே பொருந்தும். அப்பச்சிக்குப் பொருந்தாது. என் ஆகத் தாழ்ந்த ஜி கம்பி அவருக்குப் பஞ்சமம். அவர் ஆதார சட்ஜத்தில் நிற்கும்போது அந்த இடத்தில் எனக்குக் கம்பியே கிடையாது. கம்பியை இறக்கிப் பார்த்தால் தொய்ந்துபோய், கழுத்தின் குறுக்கே பதித்த மெட்டில் மோதிக் கரகரக்கிறது. இத்தனை வருஷமாக மேல் ஸ்தாயியில் வாசித்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

மாண்டோலாவில் கம்பிகள் சி, ஜி, டி, ஏ. வயலினுக்கு அதைவிடப் பெரிய, தாழ்ந்த குரலுள்ள வயோலா எப்படியோ, மாண்டலினுக்கு மாண்டோலா அப்படி. அதே முறையில் மேல் இரண்டையும் இறக்கினால் சி, ஜி, சி, ஜி. அதாவது சரியாக ஒரு கட்டை. கடைகளில் மாண்டோலா கேட்டால் மாண்டலினைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். செய்யத்தான் சொல்ல வேண்டும். பள்ளத்தூர்ப் பக்கம் கிட்டார் செய்கிற ஆசாரி ஒருவர் இருக்கிறார் என்று தவில்காரர் சொன்னார். அடுத்த ஞாயிறு போகிறேன்.

2024 ஆகஸ்ட் 25

ஆசாரி அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவர் ஐயாவும் அப்பாவும் செட்டிநாட்டு வீடுகளுக்கு வாசல் நிலை செதுக்கியவர்கள். இவர் சென்னையில் கிட்டார் பட்டறையில் பல வருஷம் இருந்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டார். சுவரில் அவர் ஐயாவின் உளிகள் அளவுவாரியாகத் தொங்குகின்றன. பிடி தேய்ந்து மாற்றியிருக்கிறார்கள், இரும்பு அதே இரும்பு.

நான் மரத்தைப் பற்றி ஆரம்பித்தேன். கையமர்த்தினார்.

"மரத்தப் பத்தி அப்புறம் பேசிக்கலாம் தம்பி. மொதல்ல வாசிங்க."

சண்முகப்பிரியா ராகம் வாசித்தேன். என் முகத்தைப் பார்க்கவே இல்லை, இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "நீங்க கம்பிய இழுக்குறதவிட வழுக்குறதுதான் அதிகம்" என்றார். இத்தனை வருஷமாக வாசிக்கிறேன், எனக்கு யாரும் இதைச் சொன்னதில்லை. அப்புறம் என் சுண்டுவிரலை விரிக்கச் சொல்லி ஸ்கேல் வைத்து அளந்தார். மாண்டலினில் மேல்மெட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பி தங்கும் துண்டு) பிரிட்ஜ் (உடம்பின் மேல் கம்பியைத் தாங்கும் கட்டை) வரை கம்பி நீளம் சுமார் 352 மில்லி. மாண்டோலாவுக்கு 420 வைக்கலாம் என்றார். மாண்டலினில் முதல் மெட்டு ஏறக்குறைய 19.8 மில்லியில் விழும். 420-க்கு 23.6. விரல் அந்த அளவுக்கு அகலப் பழக வேண்டும்.

ஒரு கேள்விக்கு மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன்: கம்பி ஒற்றையா, ஜோடியா?

2024 செப்டம்பர் 1

வாரம் முழுக்க அந்தக் கேள்விதான் மண்டைக்குள்.

கர்நாடக இசையில் மாண்டலின் என்றால் யு. ஸ்ரீநிவாஸ் (1969-2014). நான்கு ஜோடியை எடுத்துவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பி வைத்து, மின்சார மாண்டலினாக ஆக்கிக்கொண்டார். காரணம் கமகம், சுரத்தை அசைத்து வாசிப்பது. ஜோடிக் கம்பியை இழுத்தால் இரண்டும் ஒரே அளவு இழுபட வேண்டும், இல்லாவிட்டால் சுருதி இரண்டாகப் பிளந்து காது கூசும். ஒற்றைக் கம்பியில் அந்தத் தொல்லை இல்லை. அவர் வழியில் வந்தவர்கள் பலரும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நான் கச்சேரி மேடைக்காரன் இல்லை. வீட்டு வளவுக்குள் (உள்முற்றம்) பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து பாடும் இடத்தில் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வாசிக்க வேண்டும். ஜோடிக் கம்பி தருகிற நிறைவும் சத்தமும் ஒற்றைக்கு வராது. அதுவும் போக, அப்பச்சியின் காது வேறு மாதிரிக் காது. காரைக்குடி சாம்பசிவ ஐயரின் வீணையைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். 1952-ல் சங்கீத நாடக அகாதெமி விருது வாங்கியவர்களில் சாம்பசிவ ஐயரும் அரியக்குடி இராமானுஜ ஐயங்காரும் உண்டு. இரண்டு பேரும் எங்கள் பக்கத்துப் பெயர்கள் என்பதில் அப்பச்சிக்கு இன்றைக்கும் பெருமை. அவருக்கு வாத்தியம் என்றால் தட்டியதும் நின்று ஒலிக்க வேண்டும்.

ஆசாரி அண்ணன் சொன்னதுதான் கடைசியில் முடிவு செய்தது. வழுக்கி வாசிக்கிறவனுக்கு ஜோடிக் கம்பி எதிரி இல்லை. ஜாரு, அதாவது வழுக்கிப் போகும் கமகம், ஜோடியில் அழகாகவே வரும். ஒவ்வொரு ஜோடியிலும் கம்பிகளுக்கு நடுவே இரண்டு மில்லி மட்டும் விடச் சொல்லலாம், ஒரு விரல் நுனி இரண்டையும் சேர்த்து அமுக்கும். மெட்டும் கொஞ்சம் உயரமானதாகப் போட்டால் இழுப்புக்கு உதவும்.

ஜோடிதான். போனில் சொல்லிவிட்டேன், முன்பணமும் அனுப்பியாயிற்று.

2024 செப்டம்பர் 15

எங்கள் வீட்டுப் பின்கட்டில் பழுதுபார்த்தபோது மாற்றிய பர்மா தேக்கு உத்தரம் ஒன்று கிடந்தது. அதில்தான் மேல்பலகை போட வேண்டும் என்று ஆசைப்பட்டுக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அண்ணன் அதைத் தடவிப் பார்த்தார், மோந்து பார்த்தார், முனையில் கொஞ்சம் இழைத்தும் பார்த்தார். பிறகு முடியாது என்று சொல்லிவிட்டார்.

"தேக்குல கொறை ஒண்ணும் இல்ல தம்பி. நூறு வருசம் கூரையத் தாங்குன மரம். ஆனா கம்பி அசைச்சா அசையணும்ல? இது அசையாது."

மேல்பலகைக்கு லேசாகவும் இருக்க வேண்டும், விறைப்பாகவும் இருக்க வேண்டும். வழக்கமாக அதற்குப் போடும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் ஒரு கன மீட்டர் 400 முதல் 450 கிலோ. தேக்கு 650-க்குப் பக்கம். தேக்கில் எண்ணெய் வேறு ஊறியிருக்கும். ஒட்டுகிற முகத்தை அப்போதே இழைத்து, அசிட்டோன் போட்டுத் துடைத்துவிட்டு உடனே ஒட்ட வேண்டும்.

ஆனாலும் உத்தரத்தைத் திருப்பி அனுப்பவில்லை. நடுவில் ரேகை நேராக ஓடுகிற பகுதியைச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்தார். அது கழுத்து. எட்டுக் கம்பியும் சேர்ந்து எழுபது எண்பது கிலோ இழுக்கும், அதற்கு வளையாமல் நிற்க இந்த மரம் போதும் என்றார். உள்ளே எஃகுக் கம்பி ஒன்றும் ஓடும்.

மேல்பலகை ஐரோப்பிய ஸ்ப்ரூஸ், சென்னையிலிருந்து வாங்கி வைத்திருக்கிறார். முதுகும் பக்கமும் பலா. மேப்பிள்தான் வழக்கம். பலா நான் கேட்டது. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய தஞ்சாவூர் வீணைக்கு அதுதானே உடம்பு. அண்ணனுக்கும் பலா பழகிய மரம். விரல்பலகைக்கு உடைந்த பழைய பீரோவின் ஈட்டிமரம்.

2024 அக்டோபர் 6

இன்று பகல் முழுக்கப் பட்டறையில்.

ஒரே ஸ்ப்ரூஸ் கட்டையை நடுவில் அறுத்துப் புத்தகம் மாதிரி விரித்து, இரண்டு பாதியின் விளிம்பையும் சேர்க்கிறார்கள். சேருமிடத்தில் பசைக்கு முன்னால் சோதனை. இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினார். ஓரிடத்தில் மயிரிழை வெளிச்சம். இழைப்புளியைத் தீட்டி ஒரே ஒரு இழுப்பு. சுருள் விழுந்தது, எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார், அதன் வழியே கைரேகை தெரிந்தது. மறுபடி தூக்கிப் பார்த்தார். வெளிச்சம் இல்லை.

மதியத்துக்கு மேல் ஏற்கெனவே ஒட்டிவைத்த முதுகுப் பலகையைக் குடைந்தார். இதுதான் நான் பார்க்க வந்தது. வளைத்து ஒட்டுவதில்லை, கட்டையிலிருந்தே குவிவாகச் செதுக்குவது. வயலின் செய்கிற முறையை மாண்டலினுக்குக் கொண்டுவந்து 1898-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் ஆர்வில் கிப்சன். அதற்கு முன் நேப்பிள்ஸ் பாணியில் முதுகைப் பட்டை பட்டையாக ஒட்டிக் குடம் போலச் செய்வார்கள். 1922-ல் அதே கிப்சன் கம்பெனியில் லாயிட் லோர் வயலின் போல எஃப் வடிவத் துளை வைத்த மாடல்களைக் கொண்டுவந்தார். நம்முடையதும் எஃப் துளைதான்.

நிலைக்கு மேலே கஜலட்சுமி செதுக்கிய அதே குழி உளி. கொட்டாப்புளியால் தட்டிக் கனத்தைக் குறைத்தார், பிறகு கட்டைவிரல் அளவுள்ள பித்தளை இழைப்புளி. நடுவில் ஐந்து மில்லி, ஓரம் போகப் போக மூன்று. நாலு இழுப்புக்கு ஒருதரம் அளவுமானி வைக்கிறார். ஆனால் அளவுமானி சொல்வதற்கு முன்பே அவர் விரல் சொல்லிவிடுகிறது. "இங்க இன்னும் கொஞ்சம் சதை இருக்கு" என்பார், வைத்துப் பார்த்தால் அரை மில்லி கூட இருக்கும்.

சுருள் கொம்பு வைத்த எஃப் மாடல் உடம்பு செய்து தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், கண்ணீர்த்துளி வடிவமே போதும் என்றேன். கொம்பால் ஓசைக்கு ஒரு ஆதாயமும் இல்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

2024 அக்டோபர் 11

ஆயுத பூஜை. ஐயாவின் உளிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பலா முதுகுக்கும் ஒரு பொட்டு. பொரி, அவல் கொடுத்து அனுப்பினார்.

2024 நவம்பர் 10

மழை. வேலை நிற்கிறது. பட்டறையில் ஈரப்பதமானி 85 சதவீதம் காட்டுகிறது. ஈரத்தில் மரம் குறுக்குவாட்டில் உப்பியிருக்கும். இப்போது ஒட்டிவிட்டால் பங்குனி வெயிலில் சுருங்கும்போது மேல்பலகை நடுவே பிளக்கும். ஐம்பதுக்குப் பக்கத்தில் வந்தால்தான் மூடுவேன் என்கிறார். பலகைகள் குண்டு பல்பு எரியும் மர அலமாரிக்குள் இருக்கின்றன. எனக்கு அவசரம்தான். ஆனால் அவசரப்படுத்தினால் மழைக்கு ஒட்டிக் கொடுக்கிற ஆள் இவர் இல்லை என்பதால்தானே இவரிடம் வந்தேன்.

2024 நவம்பர் 24

மழைநாளில் விரல்பலகை முடிந்தது. மெட்டுக்குக் கீறல் போடும்போது ஒவ்வொரு அளவையும் மேல்மெட்டிலிருந்தே எடுக்கிறார். முந்தின கீறலிலிருந்து எடுத்தால் சின்னச் சின்னப் பிசகு கூடிக்கொண்டே போகும். பன்னிரண்டாவது சரியாக 210 மில்லி, பாதி நீளம். அகலம் 33 மில்லி, என் விரலுக்காகக் கொஞ்சம் கூடுதல்.

2025 ஜனவரி 5

ஒட்டுகிறார்!

பக்கப் பலகை இரண்டும் ஏற்கெனவே வளைந்து அச்சுக்குள் இருந்தன. இரண்டு மில்லி கனத்துக்கு இழைத்த பலாவில் தண்ணீர் தெளித்து, சூடான இரும்புக் குழாயில் வைத்து அழுத்தி வளைத்ததாம். அதைப் பார்க்க முடியவில்லை.

பசை, வச்சிரம். மாட்டுத்தோலில் எடுப்பது. அவர் ஐயா காலத்துச் சரக்கு. தண்ணீரில் ஊறப்போட்டு, பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து, கொதிக்கவிடாமல் அறுபது டிகிரிக்குப் பக்கம் வைத்துக்கொள்கிறார். ஃபெவிகால் ஏன் கூடாது என்று கேட்டேன். வச்சிரத்தைச் சூடும் ஈரமும் காட்டிப் பிரித்துவிடலாம். இருபது வருஷம் கழித்து யாராவது உள்ளே பழுதுபார்க்க வேண்டுமென்றால் மரத்தை உடைக்காமல் திறக்கலாம். ஃபெவிகால் அப்படி விடாது. தனக்குப் பின்னால் வரப்போகிற ஆசாரியை இப்போதே நினைத்துக்கொண்டு ஒட்டுகிற மனுஷர் இவர்.

மூடுவதற்கு முன் மேல்பலகையின் உள்பக்கம் நீளவாக்கில் இரண்டு சட்டம். பலகையை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து, முட்டியால் தட்டினார். மந்தமாக ஒரு சத்தம். இடதுபக்கச் சட்டத்தின் நுனியை உளியால் சீவினார். தட்டினார். இன்னும் கொஞ்சம் சீவினார். இந்தத் தடவை தட்டியபோது ஓசை இழுத்துக்கொண்டு நின்றது. எனக்கே கேட்டது. உளியைக் கீழே வைத்துவிட்டார். இன்னும் சீவினால் என்ன ஆகும் என்றதற்கு, "சத்தம் கூடும். அப்புறம் கம்பி பாரத்துல பலக அமுங்கிரும்" என்றார்.

2025 ஜனவரி 19

பொங்கல் முடிந்து போனேன். அரக்குப் பாலிஷ் நடக்கிறது, துணிப்பொட்டலத்தில் தொட்டுத் தொட்டு மெல்லிசாக. தலைக்கு யாளி வைக்கிறேன் என்றார். வீணைக்குக் குடம் கனம், யாளி தாங்கும். இந்த உடம்புக்குத் தலை கனத்தால் கழுத்து கீழே சாயும், இடது கை அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வாசிக்க வேண்டும். தாமரை மொட்டு ஒன்று போதும், அதுவும் மேலாகக் கீறலாக என்றேன். சம்மதித்தார்.

2025 பிப்ரவரி 2

கம்பி போட்டாயிற்று. மாண்டோலா செட்டில் மெல்லிசு 0.014 அங்குலம், தடிசு 0.049. நாம் மேல் இரண்டு ஜோடியை இறக்கிக் கூட்டுவதால் தொய்யாமல் இருக்க மெல்லிசுக்கு 0.015 போட்டார், அடுத்த ஜோடியையும் ஒரு படி தடிப்பாக்கினார்.

பிரிட்ஜ் ஒட்டியதல்ல. கம்பியின் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. கம்பிகள் அதைத் தாண்டி வால்பக்க இரும்பில் மாட்டிக்கொள்கின்றன. பன்னிரண்டாவது மெட்டில் அமுக்கித் தட்டுவார், கம்பியை வெறுமனே தட்டுவார், இரண்டும் ஸ்தாயி பொருந்தும்வரை பிரிட்ஜை மயிரளவு நகர்த்துவார். ஒரு மணிநேரம் இதே வேலை.

அப்புறம் என்னிடம் கொடுத்தார். கீழ் சட்ஜத்தைத் தட்டினேன். பலா முதுகு என் வயிற்றில் அதிர்ந்தது.

2025 பிப்ரவரி 11

தைப்பூசம். முழங்கால் வலியால் அப்பச்சி இந்த வருஷம் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கவில்லை. வீட்டிலேயே திருப்புகழ். நான் சுருதியைக் கேட்காமலே கூட்டிக்கொண்டேன். மூன்றாவது பாட்டில் சந்தம் வேகமெடுக்கும் இடத்தில் சட்ஜத்துக்கு இறங்கினார், கீழ்க் கம்பியில் நானும் அங்கேயே இருந்தேன். பாட்டை நிறுத்தாமல் கையை மட்டும் நீட்டி இன்னொருதரம் என்று காட்டினார். அதே அடியை நாலுதரம் வாசிக்கவைத்துவிட்டார்.

ஜாரு எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வருகிறது. காந்தாரத்தை இழுத்து அசைப்பது இன்னும் வரவில்லை. 23.6 மில்லி அகலத்துக்குச் சுண்டுவிரல் பழகவில்லை.

2025 மார்ச் 2

ஓசை திறந்துகொண்டு வருகிறது, நடு ஜோடியில் நன்றாகவே தெரிகிறது. கம்பி மட்டும் மெட்டுக்கு ரொம்ப நெருக்கமாக வந்துவிட்டது. அண்ணனுக்கு போன் போட்டேன். காற்று காய்ந்ததில் மேல்பலகை கொஞ்சம் இறங்கியிருக்கும், பிரிட்ஜின் இரண்டு திருகுச் சக்கரத்தையும் கால் சுற்று ஏற்றுங்கள், கம்பியைத் தளர்த்திவிட்டுச் செய்யுங்கள் என்றார். மழைக்காலத்தில் திரும்ப இறக்க வேண்டியிருக்குமாம். சித்திரை வெயில் கழிந்ததும் ஒருமுறை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், மெட்டு முனைகளைத் தேய்த்துத் தருவதற்கு.