மாலை கழற்றிய பிறகு

நவம்பர் 16, 2024, சனி

கார்த்திகை முதல் தேதி. கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கறுப்பு வேட்டி, துளசி மாலை. குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் எங்கள் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழுவில் பெரியார் கட்சிக்காரர் ஒருவருக்கு வருடம் முழுக்கக் கறுப்புச் சட்டைதான். இந்த இரண்டு மாதம் மட்டும் தெருவில் போகிறவர்கள் அவரையும் "சாமி" என்று கும்பிடுகிறார்கள், பாவம்.

புதிதாக ஒருவர் வந்திருந்தார். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். காலையில்தான் மாலை போட்டாராம். "இனிமே கவலையில்ல சார், ஐயப்பன் பாத்துக்குவார்" என்றார். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் தளும்பி வேட்டியில் கொட்டியது. கடைசியாகக் குடித்தது எப்போது என்று கேட்டேன். நேற்று ராத்திரி, கடை மூடும்வரை.

சரி, பக்தி இருக்கட்டும், முதலில் ஆஸ்பத்திரி என்றேன். விடிந்ததிலிருந்து குடித்துப் பழகியவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாளில் இல்லாத ஆள் கண்ணில் தெரிவார், காதில் குரல் கேட்கும். உயிரே போகக்கூடிய கட்டம் அது. மாலை போட்டவராக இருந்தால் சாமி வந்திருக்கிறது என்று விபூதி பூசி உட்காரவைத்துவிடுவார்கள். குழுவின் மூத்தவர் ஒருவர் கையோடு ஆட்டோவில் கூட்டிப் போனார்.

நவம்பர் 24, ஞாயிறு

பட்டறைக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். தயமின் (வைட்டமின் பி1) ஊசி, நடுக்கத்துக்கு மாத்திரை. சோறு இறங்குகிறது என்றார்.

"எத்தனை நாள் சார் வரணும்?" இதைக் கேட்காத புது ஆள் கிடையாது. விரதம் என்றால் 41 நாள், கோயிலில் கயிறு கட்டினால் ஆறு மாதம், ஒரு வருடம். நம் ஊரில் குடியை விடுவதென்றால் அதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கும். மனசு அந்தத் தேதியைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். மலையிலிருந்து இறங்கி வரும் வேனிலேயே பாட்டிலைத் திறந்தவர்களை யார்தான் பார்த்ததில்லை? இங்கே தேதி இல்லை, இன்றைக்கு மட்டும் குடிக்காதீங்க, நாளைக்கு நாளைக்குப் பார்ப்போம் என்றேன். ஏமாற்றமாகத்தான் பார்த்தார்.

மாலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். விடியற்காலைக் குளியல், சரணம், கூட வரும் ஆட்கள், எல்லாம் நல்லதுதான். எல்லாவற்றையும்விட அந்த மரியாதை. தெருவே குடிகாரன் என்று சொன்ன ஆளைப் பெற்ற பிள்ளை "சாமி, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுகிறது. எந்த மாத்திரை அதைத் தரும்? ஆனால் மனைவியின் தோட்டை அடகு வைத்ததை, அம்மாவைக் கைநீட்டி அடித்ததை பஜனையில் யாரிடம் சொல்வது? ஏஏவில் குடியிலிருந்து மீளப் பன்னிரண்டு படிகள். அதில் நாலாம் படி அதையெல்லாம் எழுதச் சொல்கிறது, ஐந்தாம் படி இன்னொரு மனிதர் முன்னால் வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறது. எட்டும் ஒன்பதும் யாருக்குக் கெடுதல் செய்தோமோ அவர்களிடம் போய் ஈடுசெய்ய. பலர் நாலிலேயே நின்றுவிடுகிறார்கள்.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்று இரண்டாம் படி, நமக்கு மேலான சக்தி. பட்டறைக்காரர் கறுப்புச் சட்டைக்காரரை மடக்கினார்: "சாமி இல்லைன்னு சொல்ற உங்களுக்கு எது சார் சக்தி?"

"இந்த ரூம்ல உக்காந்திருக்கறவங்கதான். தனியா என்னால முடியல, இவங்களோட முடியுது. அப்ப என்னைவிட இவங்க மேலதானே?" இவர் குடிக்காமல் இருக்கும் காலம் எங்களில் பல பக்தர்களைவிட அதிகம்.

பதினோராம் படி பிரார்த்தனை, தியானம். என்னுடையது விடியற்காலையில் மொட்டை மாடியில் சும்மா உட்காருவது. பெரும்பாலும் கரண்டு பில்தான் ஞாபகத்துக்கு வரும். இருந்தாலும் உட்காருகிறேன். உட்காராத நாளில் வீட்டில் யாரிடமாவது எரிந்து விழுவேன், மனைவியே "மாடிக்குப் போகலையா?" என்பாள்.

டிசம்பர் 29, ஞாயிறு

பட்டறைக்காரர் மண்டல பூஜை பார்த்துவிட்டு வந்து மாலையைக் கழற்றிவிட்டார். பேன்ட் சட்டையில் வந்தவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. பகிர்வு ஒரே வரிதான்: "நேத்து வரைக்கும் சாமின்னு கூப்பிட்டவ இன்னைக்கு ஏங்கன்னா. பயமா இருக்கு." யாரும் சிரிக்கவில்லை. மூத்தவர் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார், நானும் கொடுத்தேன்.

ஜனவரி 14, 2025, செவ்வாய்

பொங்கல். நாளை திருவள்ளுவர் தினம், டாஸ்மாக் லீவு. அதனால் இன்றே கடை வாசலில் திருவிழாக் கூட்டம்.

காலையிலிருந்து பாகப்பிரிவினைப் பேச்சில் தம்பியோடு எனக்கு வாக்குவாதம். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தபோது ஏழு மணிக்குப் பட்டறைக்காரரின் போன். மச்சான் வந்திருக்கிறாராம், நாளைக்கும் சேர்த்து வாங்கி ஃபிரிட்ஜில் அடுக்கியிருக்கிறாராம். தண்ணீர் எடுக்கத் திறந்தாலே கண்ணில் படுகிறது. உடனே இங்கே வாங்க என்றேன்.

வந்ததும், "நல்ல நாளும் அதுவுமா தொந்தரவு பண்றேன்" என்றார். 1935 மே மாதக் கதையைச் சொன்னேன். குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன், வியாபாரம் கைவிட்டுப் போன நிலையில் அக்ரன் நகர ஹோட்டலில் தனியாக நின்றார். ஒருபக்கம் பார், ஒருபக்கம் டெலிபோன். தேவாலயங்களுக்குப் போன் போட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர்தான் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். ஜூன் 10-ல் அவர் குடியை நிறுத்தினார், ஏஏ தொடங்கியது அன்றைக்குத்தான். பில் போன் போட்டது பாபைக் காப்பாற்ற அல்ல, தான் அன்று குடிக்காமலிருக்க.

"அப்ப நான் வந்தது உங்களுக்கும் நல்லதா சார்?"

தம்பி விஷயத்தை அவரிடம் கொட்டினேன். மச்சான் கிளம்பியதும் போன் பண்ணச் சொல்லி மனைவியிடம் சொல்லியிருந்தாராம். பத்தரைக்குத்தான் வந்தது. அதற்குள் எங்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலைப் பானையோடு காலி செய்துவிட்டார்.