சுவர் யாருடையது என்று கேட்டுப் படித்தேன்

கலை வரலாறு முதுகலையில் மறுமலர்ச்சிக் காலத் தாளை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை ஓவியர் பெயர், ஆண்டு, படத் தலைப்பு என்று உருப்போட்டுக்கொண்டு போனேன். தேவாலய ஓவியங்களில் புரவலரின் பங்கு என்ன என்று 15 மதிப்பெண்ணுக்குக் கேட்டிருந்தார்கள். மைக்கேலாஞ்சலோவைப் புகழ்ந்தே மூன்று பக்கம் நிரப்பினேன். பணம் கொடுத்தவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தாள் போய்விட்டது.

அடுத்த முறை ஃப்ளோரன்ஸ் நகரின் சாந்தா திரினிதா தேவாலயத்தில் உள்ள சஸ்ஸெத்தி சிற்றாலயத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஃபிரான்செஸ்கோ சஸ்ஸெத்தி, மெதிச்சி குடும்பத்தின் வங்கிக்குப் பொது மேலாளர். தன் பெயர்கொண்ட புனிதரான பிரான்சிஸ் அசிசியாரின் கதையைச் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் வரையவைக்க நினைத்தார். அங்கே பீடத்தைச் சுற்றி அலங்கரிக்க அவர் குடும்பத்துக்கு உரிமையும் இருந்தது. ஆனால் அது டொமினிக்கன் துறவிகளின் இடம். வேறொரு சபையின் புனிதரைத் தங்கள் பீடத்தைச் சுற்றி வரைய அவர்கள் ஒப்பவில்லை என்பார்கள். சரி என்று சாந்தா திரினிதாவுக்கு வந்துவிட்டார்.

ஓவியர் கிர்லாந்தையோ அங்கே 1485-இல் முடித்த சுவரைப் பாருங்கள். பிரான்சிஸ் தன் சபைக்குப் போப்பிடம் ஒப்புதல் வாங்கியது ரோமில். படத்தில் பின்னணியாக இருப்பதோ ஃப்ளோரன்ஸ் சதுக்கம்! வலப்பக்கம் முதலாளி லொரென்சோ மெதிச்சி நிற்க, அவர் அருகில் சஸ்ஸெத்தி. கீழே பீடத்தின் இருபுறமும் அவரும் மனைவி நேராவும் முழந்தாளிட்டிருக்கிறார்கள். பக்கச் சுவர்களில் அவர்களின் கல்லறைகள்.

சாந்தா மரியா நொவெல்லாவின் அந்த இடம் ஜொவான்னி தொர்னபுவோனிக்குப் போனது. ஓவியர் அதே கிர்லாந்தையோதான். ஒரு சுவரில் மரியாவின் கதை, எதிர்ச்சுவரில் ஜொவான்னியின் பெயர்கொண்ட திருமுழுக்கு யோவான். இந்த இரண்டு சிற்றாலயங்களையும் ஒப்பிட்டு எழுதினாலே பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும்.

ஈரச் சாந்தின் மேல் வரையும் இந்தச் சுவரோவியத்துக்கு ஃப்ரெஸ்கோ என்று பெயர். அதன் செய்முறைக்குப் பெரிதாக நேரம் செலவிட வேண்டாம். ஒரு நாளில் வரைய முடிகிற அளவுக்கே ஈரச் சாந்து பூசுவார்கள். அந்த ஒரு நாள் பகுதிக்கு ஜொர்னாத்தா என்று பெயர். சாந்து இறுகும்போது நிறமும் சுவரோடு சேர்ந்துவிடும். அசுரைட் என்ற கனிமத்தின் நீலம் போன்ற சில நிறங்களைக் காய்ந்த பிறகு பூசியதால், பல இடங்களில் நீல உடைகள் உதிர்ந்துபோயின.

தேர்வில் சிக்கவைக்கும் ஒரு பொறி: மிலானில் லியொனார்டோ வரைந்த ‘இறுதி இராவுணவு’ ஃப்ரெஸ்கோ அல்ல, காய்ந்த சுவரில் வரைந்தது. முதல் முறை அதையும் நான் ஃப்ரெஸ்கோ என்றுதான் எழுதிவைத்தேன்.