யோபுவின் கதை கேட்டவர் நடந்த வழியில்

குமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கம் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. அதற்குள் டிலனாய் என்ற ஐரோப்பியத் தளபதியின் கல்லறை உண்டு. 1741 குளச்சல் போரில் டச்சுக்காரர் பக்கம் நின்று பிடிபட்டவர். அப்புறம் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்து உயர்ந்தவர். புனித தேவசகாயத்தின் திருத்தலங்களுக்குப் போகிறவர்களை இந்தக் கல்லறையிலிருந்து தொடங்கச் சொல்வேன். எல்லாவற்றையும் இழந்த ஒருவன் இன்னொருவனுக்குச் சொன்ன கதையில்தானே அந்தப் புனிதரின் வாழ்க்கை திரும்புகிறது.

நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன் பிள்ளை அரண்மனை அலுவலர். வசதியான குடும்பம். பயிர் போனது, மாடுகள் மடிந்தன, குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்பு. மனம் ஒடிந்திருந்தவரிடம் டிலனாய் பைபிளில் இருக்கும், எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையைச் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

இந்தத் தலங்களுக்கு நான் போனது, என் கணவரின் தொழில் நொடித்து, வீட்டை விற்றுக் கடனில் பாதியை அடைத்திருந்த நேரத்தில். செபமாலையைக் கையில் எடுத்தால் பாதியில் நின்றுவிடும். "எத்தனை நாள் இப்படி உட்கார்ந்திருப்பாய்? கிளம்பு, கோட்டாறு போகலாம்" என்று அக்காதான் இழுத்துக்கொண்டு வந்தாள். தேவசகாயத்தின் கல்லறை கோட்டாற்றில்தான் இருக்கிறது.

கோட்டையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை. விசுவாசத்துக்காக 1749இல் கைதான தேவசகாயத்தை எருமை மேல் பின்புறமாக உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, அடித்து, காயத்தில் மிளகாய்ப்பொடி பூசி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். தாகத்தில் தவித்து, செபித்து, இங்கே பாறையை முழங்கையால் இடித்தபோது நீர் சுரந்தது என்பது மக்களின் நம்பிக்கை. அக்கா அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டாள், எனக்கும் தெளித்தாள். எனக்கு அந்த நீரைவிட, அதற்கு முன்னால் இருந்த தாகம்தான் மனதில் தைத்தது. தாகம் தணிந்ததும் அவரை யாரும் அவிழ்த்துவிடவில்லை. விலங்கோடுதான் மேலே நடந்தார். அந்தப் பாடு கிட்டத்தட்ட மூன்று ஆண்டு.

சரி, நம்பிக்கை என்றால் இதுதானா என்ற கேள்வி அங்கேயே எழுந்தது. யோபுவுக்கு இழந்ததெல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது என்றுதான் கஷ்டத்தில் இருப்பவர்களிடம் எல்லாரும் சொல்கிறார்கள். என்னிடமும் சொன்னார்கள். ஆனால் அந்த நூலில் 42 அதிகாரங்கள். திரும்பக் கிடைப்பது கடைசி அதிகாரத்தில். தன் மீட்பர் வாழ்கிறார், அது தனக்குத் தெரியும் என்று யோபு சொல்வதோ 19ஆம் அதிகாரத்தில். பிள்ளைகளும் இல்லை, சொத்தும் இல்லை, உடம்பெல்லாம் புண், நண்பர்களே குற்றம் சாட்டுகிறார்கள். அந்த நிலையில் சொன்ன வார்த்தை அது. தேவசகாயம் பிடித்துக்கொண்டது அந்த யோபுவை என்றுதான் நான் நம்புகிறேன். கடைசிப் பக்கத்தில் கிடைக்கும் ஆடுமாடுகளுக்காக யாரும் காயத்தில் மிளகாய்ப்பொடி பூசப்படுவதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்த நாள் ஆரல்வாய்மொழிக்குப் போனோம். காற்றாடி ஆலைகள் சுழலும் அந்தக் கணவாயில் காற்று ஆளைத் தள்ளுகிறது. காற்றாடிமலையில் 1752 ஜனவரி 14 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுடும் முன் செபிக்க நேரம் கேட்டு முழந்தாளிட்டார் என்கிறார்கள். அவர் இறந்தபோது மேலிருந்து ஒரு பாறை விழுந்து மணிபோல் ஒலித்தது என்பது மரபு. அதுதான் மணியடிச்சான் பாறை. கல்லால் தட்டினால் இன்றும் அந்த ஓசை கேட்கிறது. ஒரு பாட்டி பேரனைத் தூக்கிப் பிடித்துத் தட்ட வைத்துக்கொண்டிருந்தார். நான் ஒதுங்கி நின்று அழுததைப் பார்த்து அருகில் வந்தார். "மக்களே, சீக்கிரம் போகணுமா? இல்லன்னா கொஞ்சம் இருந்து செபிச்சிட்டுப் போ. அவருக்கு நம்ம பாடு தெரியும்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

இருந்தேன். செபமாலையில் பத்துப் பத்து மணியாக வரும் ஐந்து பகுதிகளையும் சொல்லி முடித்தேன். "கடனைத் தீர்த்துவிடு ஆண்டவரே" என்று கேட்டேன், அதை மறைக்கத் தேவையில்லை. கூடவே, தீராவிட்டாலும் உம்மை விட்டுப் போகாமல் இருக்கும் பலத்தைத் தாரும் என்றும் கேட்க முடிந்தது. அதுவரை எனக்கு வராத செபம் அது.

மாலையில் கோட்டாறு புனித சவேரியார் பேராலயம். தேவசகாயத்தின் கல்லறை அங்கே பீடத்துக்கு முன்னால் இருக்கிறது. 2012இல் அவரைப் புனிதருக்கு முந்தைய படியான அருளாளராக அறிவித்தார்கள், 2022 மே 15இல் புனிதராக. இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர். குருவும் இல்லை, துறவியும் இல்லை, மனைவியோடு குடும்பம் நடத்தியவர். சம்பளம், விளைச்சல், வீட்டுக் கவலை எல்லாம் தெரிந்தவரிடம் பேசும் உரிமை எனக்கு உண்டு என்று அந்தக் கல்லறையருகே தோன்றியது. கணவர் பெயரைச் சொல்லி வெகுநேரம் பேசினேன்.

அவர் இன்னும் ஆலயத்துக்கு வரத் தயங்குகிறார். ஊர் திரும்பிய இரவு 19ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். வடக்கன்குளத்துக்கு அவரையும் அழைத்துக்கொண்டுதான் போக வேண்டும். அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.